செயற்கை வால்வும் அதன் விலையும்

மேனாட்டு இளைஞர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் வேடத்தை ஏற்றுக்கொள்வர். ஒருவர் கதையை நடத்திச் செல்வார். இக்கட்டான இடங்களில் பகடையின் எண்ணே வெற்றி தோல்வியை முடிவு செய்யும். இவ்வகை விளையாட்டுகளுள், அமெரிக்காவில் மைக் பாண்ட்ஸ்மித் ஆக்கி 1988-இல் வெளியிட்ட ‘சைபர்பங்க்’ ஒன்று; 1989-இல் வெளிவந்த ‘ஷாடோரன்’ மற்றொன்று. இரண்டும் எதிர்காலத்தைக் களமாகக் கொண்டவை. அவற்றில் வரும் மாந்தர் உலோகக் கையையும் இயந்திரக் கண்ணையும் தம் உடலிற் பொருத்திக்கொண்டு, பிறர்க்கு இல்லாத ஆற்றலைப் பெறுவர்.

இத்தகைய விளையாட்டை வகுப்பவருக்கு ஒரு சிக்கல் எழுகிறது. பணம் கொடுத்தால் எந்த உறுப்பும் கிடைக்கும் என்று விதித்தால், பணமுள்ளவன் உடல் முழுவதையும் இயந்திரமாக்கிக்கொண்டு ஆட்டத்தைக் கெடுத்துவிடுவான். விலையை அளவுமீறி ஏற்றினாலோ, எவரும் அவ்வுறுப்புகளைத் தொடமாட்டார். ஆகவே பணத்தோடு இரண்டாவது விலை ஒன்றையும் அவர்கள் விதித்தனர். ‘ஷாடோரன்’ ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ‘சாரம்’ என்னும் உயிர்ச்சத்து ஆறு அளவு உடையவராய்த் தொடங்குவர். ஓர் உறுப்பைப் பொருத்துந்தோறும் அது குறையும். முற்றும் அற்றுப்போனால் உயிரும் அற்றுப்போகும். ‘சைபர்பங்க்’ ஆட்டத்தில் குறைவது மனிதத்தன்மை. உறுப்புகள் பெருகப் பெருக இரக்கமும் உறவும் தேய்ந்து, இறுதியில் அம்மனிதன் வெறிகொண்டவன் ஆகிறான்.

ஆட்டத்தில் இவ்விலையை எழுதுகோலால் எழுதிவிடலாம். ஆறு என்பது மிகையானால் ஐந்து என்று திருத்திவிடலாம். மெய்யான மனிதனின் மார்பைத் திறந்து, மெய்யான கருவி ஒன்றை வைக்கும்போது அதன் விலையை நிறுத்துப் பார்ப்பவர் யார்? அவ்விலையை யார் யார் செலுத்துகின்றனர்? இந்த வினாவை நம் நாட்டில் நேர்நின்று சந்தித்த நகரங்களுள் முதன்மையானது திருவனந்தபுரம். திருவிதாங்கூர் மன்னர்கள் துலாபாரம் என்னும் சடங்கில் தராசின் ஒரு தட்டில் அமர்ந்து, மறுதட்டில் பொன்னைக் குவித்துத் தானம் செய்த ஊர் அது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதே ஊரில் வேறொரு நிறுவை நிகழ்ந்தது. அதன் ஒரு தட்டில் இருந்தது ஏழை நோயாளியின் இதயம். அந்த வரலாற்றையே இங்குச் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. இரத்தம் முன்னோக்கிச் செல்ல வழிவிட்டு, பின்னோக்கி வரும்போது அடைத்துக்கொள்ளும் கதவுகள் அவை. நிமிடத்துக்கு 72 முறை என்று கணக்கிட்டால், அக்கதவு ஒரு நாளில் 1,03,680 முறையும், ஓராண்டில் ஏறக்குறைய 3 கோடியே 78 இலட்சம் முறையும் திறந்து மூடுகிறது. இந்தக் கதவைச் சிதைப்பதில் வல்லது வாதக் காய்ச்சல். சிறுவயதில் ஒருவகை நுண்ணுயிரால் தொண்டைப்புண் உண்டாகிறது. அதற்குத் தக்க மருத்துவம் செய்யாது விட்டால், சிலருக்குக் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் தோன்றி மறைகின்றன. மூட்டு தேறிவிடும்; இதய வால்வு தேறுவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அது தடித்துச் சுருங்கி, திறக்கவும் மாட்டாமல் மூடவும் மாட்டாமல் நிற்கும். நெருக்கடியான குடியிருப்புகளிலும் மருந்து எட்டாத வீடுகளிலும் வளரும் பிள்ளைகளையே இந்நோய் மிகுதியாகத் தேடி வருகிறது. இருபதும் முப்பதும் ஆன வயதில், குடத்தைத் தூக்கி நான்கு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும் இளம் பெண்களை நம் மருத்துவமனைகள் நெடுங்காலமாகக் கண்டு வந்திருக்கின்றன.

கெட்டுப்போன கதவுக்கு மாற்றுக் கதவு செய்யும் முயற்சி அமெரிக்காவில் தொடங்கிற்று. 1952-இல் சார்லஸ் ஹஃப்நாகல் என்னும் அறுவை மருத்துவர், கூண்டுக்குள் உருண்டை அமைந்த வால்வு ஒன்றை நோயாளியின் பெருந்தமனியிற் பொருத்தினார். 1960-இல் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் ஆக்கிய உருண்டை வால்வு, இதயத்துக்குள்ளேயே பழைய வால்வு இருந்த இடத்தில் வெற்றியுடன் அமர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், உருண்டைக்கு மாறாக ஒரு வட்டத் தட்டு சாய்ந்து திறக்கும் வால்வுகளும் வந்துவிட்டன. ஆனால் இவையெல்லாம் மேனாட்டுத் தொழிற்சாலைகளின் படைப்பு. அந்நியச் செலாவணி அரிதாயிருந்த அந்நாளில், இந்நாட்டுக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகளுக்கு அவ்வால்வு எட்டாத பொருளாகவே இருந்தது. மருத்துவர் கையில் திறமை இருந்தது. பொருத்துவதற்குப் பொருள் இல்லை.

இனித் திருவனந்தபுரத்துக்கு வருவோம். திருவிதாங்கூரின் கடைசி மன்னராகிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் குடும்பத்தார், 1973-இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் பல மாடிக் கட்டடம் ஒன்றைக் கேரள அரசுக்கும் மக்களுக்கும் நன்கொடையாக அளித்தனர். அக்காலத்து முதலமைச்சர் சி. அச்சுத மேனோன், அங்கு வழக்கமான மருத்துவமனை ஒன்றை எழுப்புவதோடு அமையாமல், உயர்ந்த ஆராய்ச்சி நிலையத்தை உருவாக்க எண்ணினார். அதனை நடத்த அழைக்கப்பெற்றவர் டாக்டர் மா. சங். வலியத்தான். இவர் 1934-இல் மாவேலிக்கரையிற் பிறந்தவர்; திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் தொடக்ககால மாணவர்; இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, பின்னர் அமெரிக்காவில் மேலே கூறிய ஹஃப்நாகலிடமே பயிற்சி பெற்றவர். 1976-இல் நோயாளிகளுக்கு வாசல் திறந்த அந்நிலையம், 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாகி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் என்னும் பெயர் பெற்றது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழ் மக்கள் சுருக்கமாகச் ‘சித்திரா ஆஸ்பத்திரி’ என்று சொல்லும் நிறுவனம் அதுவே.

இந்நிறுவனத்திற்கு மற்ற மருத்துவமனைகளுக்கு இல்லாத ஒரு சிறப்பு உண்டு. நகரின் மற்றொரு பகுதியாகிய பூஜப்புரையில் சாட்டல்மண்ட் அரண்மனை இருக்கிறது. அரசப் பிரதிநிதியாக ஆண்ட சேது லட்சுமி பாய் மகாராணி வாழ்ந்த இடம் அது. அந்த அரண்மனை பொறியாளர்களுக்கும் வேதியியலாருக்கும் ஆய்வுக்கூடமாக ஆயிற்று. ஒரு நிறுவனத்தின் ஒரு கை நோயாளியின் நாடியைப் பிடித்தது. மறு கை கடைசல் இயந்திரத்தைப் பிடித்தது. இந்த இரு கைகளும் கூடியே செயற்கை வால்வை இந்நாட்டிற் செய்ய முற்பட்டன. பொறியியற் பணிக்கு ஜி. எஸ். புவனேசுவர் தலைமை ஏற்றார்.

வேலை எளிதாக இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஒரு தடை. மேனாட்டு வால்வுகளின் தட்டுக்கு உகந்ததாகத் தேறியிருந்த பொருள், தனி முறையிற் சுட்டு ஆக்கப்படும் ஒருவகைக் கரி. அணு உலை எரிபொருளுக்குப் பூச்சு இடும் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த அப்பொருளைச் செய்யும் தொழில் உலகில் மிகச் சிலரிடமே இருந்தது. அதனை விலை கொடுத்து வரவழைத்தால் வால்வின் விலை மறுபடியும் ஏழைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆகவே வேறு பொருளைத் தேடவேண்டியதாயிற்று.

முதல் மாதிரியின் கூடு டைட்டேனியம் என்னும் உலோகத்தால் ஆனது. அதன் பாகங்கள் பற்றவைக்கப்பட்டிருந்தன. பற்றவைத்த இடம் நொறுங்குந்தன்மை அடைந்தமையால் அது தோற்றது. பற்றவைப்பே வேண்டா என்று இரண்டாவது மாதிரியின் கூட்டை ஒரே கட்டியிலிருந்து கடைந்தெடுத்தனர். இம்முறை தேய்மானம் பகையாயிற்று. மூன்றாவது மாதிரியில், தேயாத பொருளே வேண்டும் என்று கருதிச் செயற்கை நீலக்கல் படிகத்தைத் தட்டாக்கினர். நீலக்கல் தேயவில்லை, ஆனால் உடைந்தது. நான்காவதாக, கோபால்ட்டை அடிப்படையாகக் கொண்ட கலப்புலோகத்தில் ஒரே துண்டாகக் கடைந்த கூட்டையும், மிக உயர்ந்த மூலக்கூற்று எடையுள்ள பாலிஎத்திலீன் தட்டையும், சுற்றிலும் தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி வளையத்தையும் அமைத்தனர். நவமணிகளுள் ஒன்று தோற்ற இடத்தில், வாளியும் குடமும் வார்க்கும் பிளாஸ்டிக்கின் மேற்குலத்து உறவினன் வென்றான். இப்பிளாஸ்டிக், 1962 முதல் இங்கிலாந்தில் செயற்கை இடுப்பு மூட்டுகளில் இடம்பெற்று உழைத்து வந்த பொருளேயாகும்.

பொருள் அமைந்தால் போதாது. அது எத்தனை காலம் உழைக்கும் என்று காணவேண்டும். பத்தாண்டுகள் காத்திருந்து பார்க்க இயலாது. எனவே வால்வை நீர்மத்தில் வைத்து, இதயத்தைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாகத் திறந்து மூடச் செய்யும் பொறியிற் பூட்டி, ஆண்டுக்கணக்கான துடிப்பை மாதக்கணக்கிற் செலுத்திப் பார்த்தனர். பின்னர் ஆட்டின் இதயத்திற் பொருத்திச் சோதித்தனர். எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய முயற்சி, 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதல் நோயாளியின் இதயத்தில் இவ்வால்வு அமர்ந்தபோது ஒரு நிலைக்கு வந்தது. அந்நிறுவனம் எவர் பெயரைத் தாங்கி நின்றதோ, அந்த முதிய மன்னர் அந்நாளில் உயிருடன் இருந்தார். அடுத்த ஆண்டிலேயே மறைந்தார்.

ஒருவர்க்குப் பொருந்தியது என்பதால் உடனே ஊரெங்கும் விற்றுவிடவில்லை. 1990 டிசம்பர் தொடங்கி 1995 ஜனவரி வரை, நாட்டின் ஆறு மருத்துவ நிலையங்களில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி, ஒவ்வொருவரையும் தொடர்ந்து கவனித்தனர். அதன் பின்னரே வால்வு பொதுவழக்கிற்கு வந்தது. உற்பத்தியை ஏற்றுக்கொண்டது சென்னை டி.டி.கே. குழுமம், தொழிற்சாலை எழுந்தது திருவனந்தபுரத்திலேயே. அன்று முதல் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சித்திரா வால்வுகள் மனித இதயங்களில் அமர்ந்துள்ளன. இறக்குமதி வால்வைவிட அவை விலை குறைந்தவை. அவற்றின் தட்டு பிளாஸ்டிக் ஆதலால், கரித்தட்டு வால்வைப்போல் உரக்கச் சொடுக்காமல் மெல்ல மூடுகின்றன. இரவில் தலையணையிற் சாய்ந்து தன் மார்பின் ‘டிக்’ ஒலியை எண்ணிக் கிடக்க நேர்வதும் ஒரு விலைதான் என்பதை அறிந்தவர்க்கு, இந்த அமைதியின் அருமை விளங்கும்.

இதுவரை கூறியது பணத்தின் விலை. விளையாட்டில் விதித்த இரண்டாவது விலை, வாழ்விலும் உண்டா? உண்டு. உடலுக்கு அந்நியமான பரப்பைத் தீண்டினால் இரத்தம் உறையத் தொடங்கும். வால்வில் உறைந்த கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். வால்விலேயே தங்கினால் கதவு சிக்கிக்கொள்ளும். ஆகவே உலோகமும் கரியும் பிளாஸ்டிக்கும் கொண்டு செய்த வால்வு எதுவாயினும், அதைத் தாங்கியவர் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நாள்தோறும், வாழ்நாள் முழுவதும் உண்ணவேண்டும். அளவு குறைந்தால் இரத்தம் உறையும். மிகுந்தால் சிறு காயமும் பெரு இரத்தப்போக்காகும். இடைவிடாது இரத்தச் சோதனை செய்து அளவைத் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். கீரையைத் திடீரென்று மிகுதியாக உண்டாலும் மாத்திரையின் வேகம் தணிந்துவிடும். சோதனைச்சாலை இல்லாத சிற்றூரில் வாழும் நோயாளிக்கு, ஒவ்வொரு சோதனையும் ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்து விழுங்குகிறது.

இளம் பெண்ணின் நிலை இன்னும் கடினம். அந்த மாத்திரைகளுள் பெரிதும் வழங்கும் வார்ஃபரின் போன்றவை கருவிலுள்ள குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியவை. நிறுத்தினாலோ தாய்க்கு ஆபத்து. விலங்கின் திசுவினாற் செய்த வால்வைப் பொருத்தினால் இம்மாத்திரை பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தேவைப்படாது. ஆனால் அது நெடுங்காலம் உழைப்பதில்லை. இளையோரின் உடலில் இன்னும் விரைந்து கெடும். அப்போது மார்பை மறுபடியும் திறக்கவேண்டும். ஒரு பக்கம் தாய்மை, மறுபக்கம் இரண்டாம் அறுவை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணும் அவள் கணவனும் தாயும் மருத்துவரின் முன் அமர்ந்து இதனை நிறுத்துப் பார்க்கும்போது, அங்கே பகடை உருட்ட இடமில்லை. மருத்துவர் தராசைப் பிடிக்கலாம். எந்தத் தட்டு தாழவேண்டும் என்பதை அவளே சொல்லவேண்டும்.

மூன்றாவது விலை ஒன்றும் உண்டு. அது செய்தவர் தவறினால் பொருத்திக்கொண்டவர் செலுத்தும் விலை. மேனாட்டிற் புகழ்பெற்ற பியோர்க்-ஷைலி வால்வின் ஒரு வகை, எழுபதுகளின் இறுதியிலிருந்து சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்டது. அதன் தட்டைத் தாங்கும் கம்பிகளுள் ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. சிலருக்கு அந்தப் பற்றுவாய் விட்டு, கம்பி முறிந்து, தட்டு கழன்றோடிற்று. அறுநூறுக்கும் மேற்பட்ட முறிவுகள் பதிவாயின. முறிந்தவர்களுள் பெரும்பாலோர் மாண்டனர். 1986-இல் அவ்வால்வு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. எந்தத் தவறு அங்கே நோயாளியின் மார்புக்குள் வெளிப்பட்டதோ, அதற்கு நிகரான தவறு பூஜப்புரையில் முதல் மாதிரியிலேயே, ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்டது. மூன்று மாதிரிகள் தோற்ற கதையை நம்மவர் சிலர் இகழ்ச்சியாகக் கூடக் கேட்டிருப்பர். ஆயினும் அத்தோல்விகளின் விலையைச் செலுத்தியவர்கள் பொறியாளர்களும் அவர்களுக்குப் பொருள் வழங்கிய பொதுநிதியுமே, நோயாளிகள் அல்லர். சித்திரா வால்வின் வரலாற்றில் நான் பெரிதாகக் கருதுவது இதனைத்தான். ஓர் உறுப்பின் விலையை அடியோடு நீக்க எவராலும் இயலாது. அவ்விலையில் எவ்வளவை ஆக்குவோர் முன்கூட்டியே தம் தலையில் ஏற்றுக்கொள்கின்றனர் என்பதே ஆராயத்தக்கது. அவர்கள் ஏற்காது விட்ட சுமை முழுவதும், இறுதியில், மறுத்துப் பேச வலியற்ற நோயாளியின் மீதே இறங்கும்.

இந்நோக்கம் பிற்காலத்தில் அரசின் விதிகளிலும் இடம்பெற்றது. அடைபட்ட இதயத் தமனியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்னும் சிறு கம்பிவலைக்கு, 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் உச்சவிலை விதித்தது. சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 ரூபாய். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. விலைவரம்பினால் புதிய ஆராய்ச்சி தளரும் என்பாரும் உளர்; வரம்பின்றேல் ஏழை அழிவான் என்பாரும் உளர். இரு கூற்றிலும் உண்மை இருக்கிறது. விளையாட்டை வகுத்தவர் கண்ட அதே சிக்கல்தான் இங்கும். வேற்றுமை ஒன்றே. மேசையில் விதி பிழைத்தால் ஆட்டம் சுவை கெடும். இங்கு விதி பிழைத்தால் உயிர் கெடும்.

மீண்டும் அந்த விளையாட்டுக்கு வருகிறேன். உறுப்பைப் பொருத்தினால் மனிதத்தன்மை குறையும் என்ற விதி, மெய்யாகவே செயற்கை உறுப்போடு வாழ்வோரைப் புண்படுத்தும் அன்றோ? இக்குறை உணரப்பட்டது போலும். 2020-இல் வெளிவந்த ‘சைபர்பங்க்’ ஆட்டத்தின் புதிய பதிப்பில், இழந்ததை ஈடுசெய்ய மருத்துவமுறையிற் பொருத்தும் உறுப்புக்கு மனிதத்தன்மை குறைவதில்லை என்று விதி அமைந்தது. அளவுக்கு மிஞ்சிய ஆற்றலை விரும்பிப் பெறுவோர்க்கே அவ்விலை. ஆட்டமேயாயினும் இத்திருத்தம் நேர்மையானது.

மாத்திரை உண்டு, கீரையை அளந்து, மாதந்தோறும் சோதனைக்கு வந்து போகும் அந்தப் பெண், தன் மார்பில் ஒரு துண்டு உலோகமும் ஒரு வட்டப் பிளாஸ்டிக்கும் தாங்கியிருப்பதால் எள்ளளவும் மனிதத்தன்மை குறைந்தவள் அல்லள். குடத்தைத் தூக்கிக்கொண்டு படி ஏறும்போது இப்பொழுது அவளுக்கு மூச்சு வாங்குவதில்லை. பழைய அரண்மனை ஒன்றில் மும்முறை தோற்று நான்காம் முறை செய்த கதவு, அவளுக்குக் கூடக் கேளாதபடி, நாளொன்றுக்கு ஓரிலட்சம் முறைக்கு மேல் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.